மாதிரி வீடு நாற்பத்தொன்று

பால் பொங்கி வழியாமல் தடுக்கும் கருவியை நாச்சிமுத்து ஆயிரத்து இருநூறு முறை சோதித்துப் பார்த்தார். பசும்பால், எருமைப்பால், பாக்கெட் பால், பாதிக்குமேல் தண்ணீராக இருந்த பால் என்று எதையும் விடவில்லை. அலுமினியம், எவர்சில்வர், அடிபிடித்த பாத்திரம், மூடி தொலைந்த குக்கர் எல்லாவற்றிலும் கருவி தேறியது. அவர் சோதிக்காமல் விட்டது ஒரே ஒரு நாளைத்தான். அது தை முதல் நாள்.

தமிழனாகப் பிறந்து நாற்பத்தாறு வருஷம் பொங்கல் சாப்பிட்டவருக்கு அது நினைவுக்கு வரவே இல்லை. பின்னாளில் யாராவது கேட்டால், “முட்டாத்தனத்துலயும் ஒரு தரம் வேணுமில்லீங்களா?” என்பார்.

கருவி உள்ளங்கை அளவுதான். அடுப்போரம் ஒட்டிவைத்தால் பால் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பொங்குவதற்கு நாலு விநாடி முன்னால் ஒரு கூவல். யாரும் ஓடி வராவிட்டால் அடுப்பைத் தானே அணைத்துவிடும். ‘பொங்காதே’ என்று பெயர். குறிச்சித் தொழிற்பேட்டையில், ஒரு பக்கம் மோட்டார் பட்டறைக்கும் மறுபக்கம் இக்னேஷியஸின் பல்புக் கம்பெனிக்கும் நடுவே சிக்கிய ஒரு ஷெட்டில் நாச்சிமுத்துவும் அவர் மனைவி வசந்தாமணியும் அதைச் செய்தார்கள். சால்டரிங், பேக்கிங், கணக்கு, கரண்ட் ஆபீசில் சண்டை எல்லாம் வசந்தாமணி. பெயர் வைத்தது நாச்சிமுத்து.

இதற்காக இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டிருந்தார்கள். ஷெட்டில் எண்ணூறு பொங்காதேக்கள் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தன. ஆனால் தரச்சான்று இல்லாமல் ஒன்றைக்கூட வெளியே விற்க முடியாது.

சோதனைக் கூடத்து அதிகாரி ஜெபமலர் திருநெல்வேலிக்காரர். சிரிப்பதை அரசாணை தடைசெய்திருக்கிறதோ என்று நினைக்கவைக்கும் முகம்.

“கரண்ட் அடிக்குதா, சூடாகுதான்னு பாக்கற டெஸ்ட்டுங்களா மேடம்?”

“அதெல்லாம் மொத நாளே முடிஞ்சிரும் சார். இது வீட்டு டெஸ்ட். உங்க கருவிய இந்தப் பெட்டிக்குள்ள வச்சு, கம்ப்யூட்டருக்குள்ள இருக்க ஒரு குடும்பத்தோட அடுப்படியில இணைப்போம். மாதிரி வீடு நாப்பத்தொண்ணு. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. அஞ்சு வருஷம் புழங்குவாங்க. அவங்களுக்கு ஒரு வருஷம்னா நமக்கு ஒரு நாள்.”

“பொம்மைக் குடும்பமுங்களா?”

“பொம்மை குறை சொல்லாது சார். இவங்க சொல்லுவாங்க. அந்த அம்மா தினமும் ஒரு படிவம் எழுதும். அஞ்சு வருஷம் விடாம ‘குறை ஏதுமில்லை’ன்னு வந்தா சான்று. நடுவுல குறை வந்தா நிறுத்திருவோம். நீங்க சரி பண்ணிக் கொண்டாங்க. அதே குடும்பம் விட்ட எடத்துல இருந்து தொடரும், வருஷக் கணக்கு மட்டும் மறுபடி ஒண்ணுல இருந்து. மொத்தம் நாலு வாய்ப்பு. சிறுதொழிலுக்கான சலுகை இது.”

“சலுகைன்னாலே எனக்குப் பயமாத்தானுங்க இருக்குது மேடம்.”

ஜெபமலர் சிரிக்கவில்லை.

முதல் நாளே சோதனை நின்றது. படிவத்தில் எழுதியிருந்தது இதுதான்: ‘தை ஒன்று. புதுப்பானை வைத்தோம். பால் மேலே வந்தது. கருவி அடுப்பை அணைத்துவிட்டது. மூன்று முறை. நான்காவது முறை என் கணவர் கருவியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். அப்போதும் அணைத்துவிட்டது. எங்கள் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் பொங்கவில்லை. பூங்கோதை.’

வசந்தாமணி அதை இரண்டு தடவை படித்தாள்.

“ஏனுங்க, பொங்கலன்னைக்கு நம்ம ஊட்லயும் நாந்தானுங்க பால் வச்சேன். அப்ப இந்தத் தண்டத்தை எங்க வச்சிருந்தீங்க?”

“பரண் மேல. நீதான் பண்டிகை நாள்ல இது கண்ணுல படக்கூடாதுன்னு சொன்ன.”

“அப்பவாவது உறைக்கலியாக்கும்?”

உறைக்கவில்லை. அவர் போய், பண்டிகைக்கும் புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கும் கருவியை ஊமையாக்க ஒரு பொத்தான் வைத்தார். இரண்டாவது வாய்ப்பில் ஒரு வருஷம், இரண்டு, மூன்று, நாலு என்று வண்டி ஓடியது. ஐந்தாவது வருஷம் பதினோராவது மாதத்தில் படிவம் வந்தது: ‘கருவி கூவும் குரல் என் நாத்தனார் குரல்போல் உள்ளது.’

நாச்சிமுத்து குரலை மாற்றினார். மூன்றாவது வாய்ப்பு. மறுபடியும் நாலு வருஷம் பதினொரு மாதம். ‘கருவியின் நிறம் எங்கள் சமையலறைச் சுவருக்குப் பொருந்தவில்லை.’

இதற்குள் தொழிற்பேட்டை டீக்கடையில் அவர் கதை பிரபலமாகிவிட்டது. “நாச்சி, ஒரு கம்ப்யூட்டர் அம்மாவுக்குப் பால் காய்ச்சிக் குடுக்க முடியல, உனக்கெல்லாம் எதுக்குய்யா கம்பெனி?” என்றான் இக்னேஷியஸ். நாச்சிமுத்து எல்லோரையும் முந்திக்கொண்டு சிரித்துவிட்டு ஷெட்டுக்கு வந்து எண்ணூறு பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். இனி ஒரே வாய்ப்பு. அதுவும் போனால் பொங்காதே எந்த அடுப்போரமும் உட்காராது. இரண்டு பேரும் மறுபடி அடுத்தவர் கம்பெனியில் கார்டு தேய்க்கப் போக வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஒருநாள் விடாமல் ‘குறை ஏதுமில்லை’ என்று எழுதிய பெண், இரண்டு தடவையும் முடியப்போகிற மாதத்திலா குறை கண்டுபிடிப்பாள்?

விண்ணப்பதாரர் விரும்பினால் நுகர்வோரை நேரில் விசாரிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. யாரும் கேட்டதில்லை. நாச்சிமுத்து கேட்டார்.

சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு திரை. ஜெபமலர் ஏதோ எண்களைத் தட்டினார். மூன்று மாதமாக நிறுத்திவைத்திருந்த வீடு கண் விழித்தது.

திரையில் ஒரு சமையலறை தெரிந்தது. மேடையில் மூடிவைத்த ஒரு மாவுப் பாத்திரம். அடுப்போரம் பொங்காதே, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக. ஆயுத பூஜைக்கு வைத்ததாக இருக்கும். அவர் செய்த பொருளுக்கு யாரும் பொட்டு வைத்ததில்லை. நாச்சிமுத்து நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி ஒரு பெண் வந்தாள். “நீங்கதான் பொங்காதே அண்ணனா? வாங்கண்ணே. காபி குடிக்கிறீங்களான்னு கேக்க முடியாது, கோச்சுக்காதீங்க.”

அவள் பேச்சு எந்த ஊர் என்று சொல்ல முடியவில்லை. எல்லா மாவட்டத்துப் பேச்சையும் போட்டுக் கலக்கிச் சராசரி எடுத்திருந்தார்கள்.

“இருக்கட்டுமுங்க. ஒரு சந்தேகம். என்ர கருவி சாம்பல் நெறம். அது உங்க சுவத்துக்குப் பொருந்தலைன்னு எழுதியிருந்தீங்க.”

“ஆமாண்ணே.”

“உங்க சுவரும் சாம்பல் நெறமாத்தானுங்க இருக்குது.”

பூங்கோதை திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

“எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லண்ணே. அதான் சரியா வரல.”

“அப்ப நாத்தனாரு?”

“பாவம், தங்கமானவ. அவ மேல பழியப் போட்டேன்.” அவள் மேடையோரம் சாய்ந்துகொண்டாள். “தினம் எழுதுற படிவத்துல மேலயே அச்சடிச்சிருக்குண்ணே. ‘சோதனை முடிவுறும் நாள் இன்னது. நுகர்வோரின் அறியும் உரிமைப்படி தெரிவிக்கப்படுகிறது.’ அன்னியோட நாங்களும் முடிஞ்சோம். தெரியாம இருந்திருந்தா நிம்மதியா ‘குறை இல்ல’ன்னு எழுதியிருப்பேன்.”

நாச்சிமுத்து ஜெபமலரைத் திரும்பிப் பார்த்தார். அவர் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பொங்கலன்னிக்குச் சொன்னது நெசமான குறை. ரெண்டாவது தடவை நாள் நெருங்குறப்ப என் பொண்ணு நிறைமதிக்கு ஏழு வயசு. முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு. மொளைக்கிறதப் பாத்துரலாம்னு தோணுச்சு. மொளைச்சுது. கொஞ்சம் கோணல். அப்புறம் சைக்கிள். அப்புறம் என் வீட்டுக்காரர்கிட்ட கணக்குல சண்டை, அவ சொன்னதுதான் சரி. இப்பப் பன்னெண்டு வயசு. இன்னிக்கு மாவு அரைச்சு வச்சிருக்கேன், காலையில இட்லிக்கு.” அவள் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். “பெரிய காரணம்னு எதுவும் இல்லண்ணே. நாளைக்குன்னு ஏதாவது ஒண்ணு இருந்துக்கிட்டேதானே இருக்கு?”

அந்த மாவு மூன்று மாதமாக அங்கே இருக்கிறது என்று நாச்சிமுத்து சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது.

“அம்மிணி, படிவத்துல போடாத விசயம் ஒண்ணு இருக்குதுங்க. எனக்கு நாலு தடவைதான். இது கடைசி. இதுலயும் குறை சொன்னீங்கன்னா என்ர விண்ணப்பத்தையே மூடிருவாங்க. மூடினா...”

“எங்களையும் சேத்துத்தான்.”

“ஆமாங்க.”

அடுத்த அறையிலிருந்து ஒரு சிறுமியின் குரல் ‘அம்மா, என் ஸ்கேலு எங்க?’ என்று கத்தியது. “நீ வச்ச எடத்துல” என்று பூங்கோதை திரும்பாமலே பதில் சொன்னாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அப்ப இந்தத் தடவை குறை இல்லைன்னே எழுதிடறேண்ணே. எப்படிப் பாத்தாலும் அஞ்சு வருஷம்தான். உங்க பொழப்பாவது ஓடட்டும். நல்ல பொருள்ணே இது. ஒருநாளும் எங்களப் பால் வழிய விட்டதில்ல.”

நாச்சிமுத்துவின் கருவியை வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் பாராட்டினார். அவருக்கு அந்தப் பாராட்டை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஜெபமலரிடம் கேட்டார். “நெசமாவே முடிச்சிருவீங்களா மேடம்?”

“கணக்குத்தான் சார் அது. எடம் வேணும், கரண்ட் வேணும். அடுத்த வீட்டுக்கு இதக் காலி பண்ணணும்.” சொல்லிவிட்டு ஜெபமலர் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். “இதுக்கு முன்னால நாப்பது வீடு. நாப்பதையும் நாந்தான் மூடினேன். மூடுறதுக்கு முன்னால கடைசிப் படிவத்த வாசிச்சுப் பாப்பேன். விதியில இல்ல. ஆனா வாசிப்பேன். ஒரு வீட்டுல ‘மல்லிச்செடி மொட்டு விட்டிருக்கு’ன்னு எழுதியிருந்துச்சு. குறை கேக்குற எடத்துல.”

“வேற வழியே இல்லீங்களா?”

“விண்ணப்பதாரருக்கு நான் யோசனை சொன்னா என் வேலை போயிரும் சார்.” அவர் அலமாரியிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு விதிப்புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, நாச்சிமுத்துவுக்கு முன்னால் வைத்தார். “நான் டீ குடிச்சிட்டு வாரேன். இருபது நிமிஷம் ஆவும். புத்தகம் பறக்காமப் பாத்துக்கிடுங்க.”

மின்விசிறிகூட ஓடவில்லை. நாச்சிமுத்து படித்தார். பதினேழாம் விதி, தொடர் கண்காணிப்பு. சான்று பெற்ற உற்பத்தியாளர் விரும்பினால், பொருள் விற்பனையில் இருக்கும் காலம் முழுவதும் மாதிரி வீட்டைக் கண்காணிப்புக்காகத் தொடர்ந்து இயக்கலாம். அப்போது வீட்டின் ஒரு நாளும் வெளியுலகின் ஒரு நாளும் சமமாக இருக்கும். நுகர்வோர் எந்நாளும் எக்குறையும் தெரிவிக்கலாம். ஒவ்வொரு குறைக்கும் உற்பத்தியாளர் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தவறினால் சான்று ரத்து.

ஓரத்தில் பென்சிலால் யாரோ குறித்திருந்தார்கள்: ‘இதுவரை விண்ணப்பித்தவர்: எவருமில்லை.’ ஆச்சரியமில்லை. தன்னைத் தினமும் குறை சொல்ல ஓர் ஆளை ஆயுசுக்கும் நியமித்துக்கொள்ள யார் வருவார்கள்?

கம்பெனியில் பாதி வசந்தாமணியுடையது. அவளிடம் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் தொடர் கண்காணிப்பு வீட்டிலேயே தொடங்கிவிடும். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார்.

“பொண்டாட்டி சொல்ற குறைக்கு இருபது வருசமாப் பதிலக் காணோம்,” என்றாள் வசந்தாமணி. “யாரோ ஒருத்திக்குப் பதினஞ்சு நாள்ல பதில் சொல்லுவீங்களாக்கும்?”

“சொல்லலைன்னா சான்று போயிருமாம்.”

“நாளைக்கே யாவாரம் படுத்துப் போச்சுன்னா?”

“விக்கறத நிறுத்தினா அவங்களும் நின்னுருவாங்க. அதனால நிறுத்த முடியாது வசந்தா. வருசத்துக்குப் பத்தே பத்துன்னாலும் வித்துக்கிட்டே இருக்கோணும். ரெண்டு பேரும் சாகற வரைக்கும் பொங்காதேதான்.”

மறுமுனையில் சால்டரிங் கம்பியை வைக்கும் சத்தம் கேட்டது. அவள் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

“அந்தப் புள்ளைக்கு என்ன வயசுங்க?”

“பன்னெண்டு. டெஸ்ட்டு முடியறப்பப் பதினேழு ஆயிரும்.”

“மாவு எப்ப அரைச்சு வச்சாங்களாம்?”

“அவங்களுக்கு இன்னிக்கு. நமக்கு மூணு மாசமாச்சு.”

“மூணு மாசமா மாவ வச்சுக்கிட்டு நிக்கறாங்களா?” வசந்தாமணியின் குரல் உயர்ந்தது. “கையெழுத்தப் போட்டுத் தொலைங்க முதல்ல!”

ஜெபமலர் டீ குடித்துவிட்டு வந்தபோது விண்ணப்பம் மேசையில் இருந்தது. அவர் படித்தார். மறுபடி படித்தார். “பேனா மை கையில பட்டிருக்கு, தொடைச்சுக்கிடுங்க சார்,” என்று மட்டும் சொன்னார்.

நாச்சிமுத்து மறுபடி திரைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூங்கோதையிடம் சொன்னார். “ஆனா சான்று வந்தாத்தானுங்க இந்த விதி செல்லும். அதனால கடைசி நாள்ல நீங்க குறை இல்லைன்னு எழுதோணும். நடுவுல நான் வந்து பேச முடியாது. உங்களுக்கு அஞ்சு வருசம். அவ்வளவு நாள் என்னை நம்ப முடியுமுங்களா அம்மிணி?”

“உங்களுக்கு எத்தனை நாள்ணே?”

“அஞ்சு.”

“அப்ப உங்களுக்கு மறந்துராது. எனக்குத்தான் மறக்காம இருக்கணும்.” அவள் எழுந்து, பொங்காதேயின் பின்பக்கம் கரித்துண்டால் எதையோ எழுதினாள். “பொய்க் குறை எழுத மாட்டேண்ணே. ஆனா நெசமாக் குறை இருந்தா?”

நாச்சிமுத்து ஒரு நிமிஷம் எண்ணூறு பெட்டிகளை நினைத்தார். “இருந்தா எழுதிருங்க,” என்றார். இதைச் சொன்னதற்காக அடுத்த ஐந்து நாளும் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. அதாவது, ஒரு வருஷம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் அவர் ஷெட்டைக் கூட்டினார். மூன்றாம் நாள் மறுபடி கூட்டினார். நான்காம் நாள் வசந்தாமணி துடைப்பத்தைப் பிடுங்கிவைத்தாள். நிறைமதிக்கு இப்போது பதினாறு. எவனோ ஒருவன் நாலு வருஷத்துக்கு முன்னால் திரையில் வந்து சொன்ன வாக்கை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? மழையில் கரி அழிந்திருந்தால்? கணினிக்குள் மழை பெய்யுமா என்று யோசித்து, வசந்தாமணியிடமும் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் இருவருமே கூடத்துக்குப் போனார்கள். ஐந்தாவது வருஷம் பதினோராவது மாதம் கடந்தது. ஜெபமலர் கடைசிப் படிவத்தைத் திரையில் கொண்டுவந்தார்.

‘குறை ஏதுமில்லை. பொத்தான் எழுத்து அழிந்துவிட்டது, ஆனால் எது எதற்கென்று கைக்குப் பழகிவிட்டதால் குறையில் சேர்க்கவில்லை. நிறைமதி பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். முடிவு வைகாசியில் வரும் என்கிறார்கள். அண்ணே, கரியில் எழுதியதை வாரம் ஒருமுறை மேலே மேலே எழுதிக்கொண்டிருக்கிறேன்.’

ஜெபமலரின் விரல் வழக்கப்படி ‘மூடு’ பொத்தானின் பக்கம் போய் நின்றது. பிறகு அதற்குப் பக்கத்தில், இதுவரை யாரும் தொடாததால் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருந்த பொத்தானை அழுத்தியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா வேறேதாவதா என்று பார்க்க நாச்சிமுத்துவுக்கு வாய்க்கவில்லை. அவர் கண்ணாடியும் அப்போது மங்கலாகத்தான் இருந்தது.

சான்று வந்தது. அடுத்த நாள் காலையிலிருந்து குறைகளும் வந்தன. பொத்தான் எழுத்து அழியாமல் இருக்க வேண்டும். ஈரக்கையோடு தொட்டால் வழுக்குகிறது. டீக்குப் பால் சுடவைக்கும்போது கூவாமல் இருந்தால் புண்ணியம். நிறைமதி தன் பங்குக்குச் சர்க்யூட் படமே வரைந்து அனுப்பினாள், ‘இந்த இடத்தில் ஏன் இவ்வளவு சுற்றிப் போயிருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியோடு. நாச்சிமுத்துவுக்குப் பதில் தெரியவில்லை. வசந்தாமணிக்குத் தெரிந்தது: “‘எனக்கு வேற வழி தெரியாது’ன்னு எழுதுங்க.” அப்படியே எழுதினார். பதினைந்து நாள் கெடுவில் பதினான்கு மிச்சம் இருந்தது.

“சம்பளமில்லாம திட்டறதுக்கு ஆள் புடிச்சிருக்கான்யா,” என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு குறைக்கும் பொங்காதே கொஞ்சம் நல்ல பொருளாகிக்கொண்டே வந்தது. எண்ணூறு பெட்டிகளும் ஐப்பசிக்குள் விற்றுத் தீர்ந்தன. கார்த்திகையில் ஒருநாள் இக்னேஷியஸ் ஷெட்டு வாசலில் வந்து நின்றான்.

“நாச்சி, அந்தப் பதினேழாம் நம்பர் ஃபாரம் எங்கப்பா கெடைக்கும்? என்னோட பல்புக்கும் ஒரு வீடு ஓடுது, இன்னும் மூடல. அந்த வீட்டுப் பெரியவர் கடைசி நாள்ல ‘வெளிச்சம் போதும்’னு எழுதியிருக்காரு. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

பிறகு மிக்சிக்காரர் போனார். பிறகு காலிங்பெல் செய்யும் அக்கா தங்கைகள். தனித்தனியாக ஓட்ட இடம் போதவில்லை என்று ஜெபமலர் நாலு வீட்டையும் ஒரே தெருவில் வைத்துவிட்டார். விதியில் தெரு கூடாது என்று எங்கேயும் எழுதவில்லையாம்.

தை முதல் நாள் காலை பத்து மணிக்கு நாச்சிமுத்து வீட்டில் பானை பொங்கியது. இந்தத் தடவை பொங்காதே பரணில் இல்லை. பொட்டு வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு அடுப்போரம் இருந்தது. அதே நேரத்தில் குறைப் படிவமும் வந்தது. அவர் சத்தமாகப் படித்தார்.

‘தை ஒன்று. எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பானையும் பொங்கியது. பல்பு வீட்டுப் பெரியவர் குலவை போடக் கற்றுக்கொண்டிருக்கிறார், சகிக்கவில்லை. நிறைமதி காலேஜ் லீவில் வந்திருக்கிறாள். குறை: பொங்கி வழிந்த அடுப்பைத் துடைக்க இந்த வீட்டில் ஆளில்லை. உற்பத்தியாளர் தக்க நடவடிக்கை எடுக்கவும். பூங்கோதை.’

நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். பேனாவை எடுத்து, ‘தங்கள் கணவர் தணிகாசலம் அவர்களை அணுகவும்’ என்று பதில் எழுதத் தொடங்கினார். பாதி எழுதும்போது பக்கத்தில் நிழல் விழுந்தது.

வசந்தாமணி ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை பொங்கி வழிந்திருந்த அடுப்பின்மேல் இருந்தது.

“எனக்கும் பதினஞ்சு நாளுங்களா?” என்றாள்.

நாச்சிமுத்து பேனாவை மூடிவைத்துவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டார்.